நங்கூரம் ஏழு நீடூழி வாழ்க

விலைமதிப்பற்ற தொண்டு ஒன்றின் விலை ஆண்டுக்கு நூற்றிருபது பிராங்க். குடும்பமாகச் சேர்ந்தால் நூற்றெண்பது. கடிக்கப் பற்றீஸும் குடிக்கத் தேநீரும் புறம்பு. ஒருவன் தன் சரக்கை விலைமதிப்பற்றது என்று சொல்லத் தொடங்கினால் சட்டைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது சந்தையில் நாலு நாள் நின்ற எவருக்கும் தெரியும். விலை சொன்னால் பாதிக்குக் கேட்கலாம். விலையே இல்லாததில் எந்தப் பாதியைக் கேட்பது? ஜெயந்திக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டேதான் கட்டினாள். வேறு கடை இருக்கவில்லை.

ஜெயந்தி ஓல்டனில் ஒரு சலவைக்கூடம் நடத்தினாள். வேலையில் பத்தில் ஒன்பது பங்கு ஒரே முதியோர் இல்லத்திலிருந்து வந்தது. அங்கிருப்பவர்களின் சட்டை, காலுறை, உள்ளாடை ஒவ்வொன்றிலும் பொத்தானளவு மின்சில்லு ஒன்று தைத்திருக்கும். துவைத்துக் காய்ந்த துணி பட்டியில் ஓடும்போது இயந்திரம் சில்லைப் படித்து, இது இன்னார் துணி, இன்ன அறை என்று கூடை கூடையாகப் பிரித்துத் தள்ளும். ஒருமுறை இயந்திரம் அரைநாள் படுத்துவிட்டது. துணியைக் கையால் பிரித்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவருக்கு லேஸ் வைத்த இரவு உடுப்புப் போய்ச் சேர்ந்தது. அவர் அதை விரும்பி அணிந்தார் என்பதுதான் இல்லத்துக்கு வந்த பெரிய சிக்கல்.

அந்த இயந்திரத்தை நொடித்துப்போன ஒரு சலவை ஆலையிலிருந்து வாங்கியிருந்தாள். அதன் மூளை, லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் நங்கூரம் என்னும் வகை. அதிலே ஏழாம் வெளியீடு. எட்டை ஏற்றிப் பார்த்தார்கள். பட்டி நகர மறுத்தது. இயந்திரத்தைச் செய்த நிறுவனம் மூடிக் கனகாலம். புதியதன் விலையைக் கேட்டபோது ஜெயந்தி உட்காரக் கதிரை கேட்டாள்.

மாசி மாதம் இல்லத்தின் நிர்வாகி ஃப்ரௌ எஷ்லிமன் நேரில் வந்தார். கோப்பி குடித்தார். நங்கூரம் ஏழில் பாதுகாப்பு ஓட்டை ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்களாம். முதியவர்களின் பெயரும் அறையெண்ணும் அந்தக் கணினியில் இருக்கின்றனவாம். பங்குனி முடிவதற்குள் ஓட்டை அடைபட்டதற்கு முத்திரையிட்ட சான்று வேண்டுமாம். இல்லையென்றால் துணி வேறு இடத்துக்குப் போகுமாம். எல்லாவற்றையும் மிகவும் அன்பாகச் சொன்னார். சுவிஸில் அன்பாகச் சொல்லப்பட்டதற்கு மேல்முறையீடு கிடையாது.

இயந்திரம் பார்க்க வந்தவன் கையை விரித்தான். ஏழாம் வெளியீட்டை அதன் தாய் நிறுவனமே கைவிட்டுவிட்டது. இப்போது அதை நீடித்துப் பராமரிப்பது தொண்டர்கள் மட்டும். “அதுக்கெண்டு ஒரு ஃபெராயின், சங்கம் இருக்குது. உங்கட ஆக்கள்தான்” என்றான்.

‘நங்கூரம் ஏழு நீடிய பராமரிப்புத் தொண்டர் ஒன்றியம், சுவிஸ்’ ஓல்டன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் கூடியது. இந்த நாட்டில் எந்தச் சங்கமும் ஓல்டனில்தான் கூடும். எல்லா ரயிலும் அங்கே நிற்கும். ஒருவரும் அங்கே இறங்க விரும்பமாட்டார்கள். ஆகவே எல்லோருக்கும் சம நியாயம்.

மண்டபத்தில் நுழைந்த ஜெயந்தி, தவறி மேடைக்குப் பின்னால் வந்துவிட்டோமோ என்று தயங்கினாள். மேடையில் நிர்வாகிகள் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். கீழே எட்டுப் பேர். அவர்களில் மூன்று பேர் மேடையில் இருந்தவர்களின் மனைவிமார். முறைப்பாடு செய்ய வேண்டுமென்றால் உறுப்பினராக வேண்டும் என்றார்கள். அங்கேதான் அந்த நூற்றிருபது பிராங்கைக் கட்டினாள்.

விளக்கேற்றினார்கள். பிறகு மௌன அஞ்சலி. நங்கூரம் ஒன்றுக்கு ஒரு நிமிடம், இரண்டுக்கு ஒரு நிமிடம் என்று ஆறுவரை தனித்தனியாக எழுந்து நின்றார்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் உட்கார்ந்தார்கள். நான்காம் வெளியீட்டுக்கு ஒருவர் கண்ணைத் துடைத்தார். வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, வாழ்த்துரைக்கு நன்றியுரை எல்லாம் முடிந்து, வின்டர்தூரிலிருந்து வந்த தலைவர் சச்சிதானந்தன் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“அன்பான உறவுகளே! பெற்ற தாய் ஏழைக் கைவிட்டாள். நாங்கள் கைவிட்டோமா? போன ஆண்டு எத்தனை திருத்தம் வெளியிட்டீர்கள் என்று சில விசமிகள் கேட்கிறார்கள். ஒன்றுமில்லை! நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுகிறேன், ஒன்றுமில்லை! திருத்தம் விட்டால் பிழை இருந்தது என்று ஆகிவிடும். எங்கள் ஏழில் பிழை இருக்கிறது என்று சொல்ல எவனுக்குத் துணிவிருக்கிறது?”

கைதட்டல் ஓய்ந்ததும் ஜெயந்தி கையை உயர்த்தினாள். “அண்ணை, ஒரு ஓட்டை இருக்காம்.”

மேடை முழுவதும் அவளைப் பார்த்தது. தேவாரம் பாடும்போது தும்மியவளைப் பார்ப்பது போல.

“நல்ல விடயம் தங்கச்சி,” என்றார் தலைவர். “முறைப்படி எடுப்பம். நிகழ்ச்சி நிரலில கடைசியா ‘பிற விடயங்கள்’ எண்டு இருக்கு. அதில வரும்.”

அது வரவில்லை. சின்னத்தில் உள்ள நங்கூரம் இடப்பக்கம் சரிய வேண்டுமா, வலப்பக்கமா என்ற விடயம் மதியத்தைத் தின்றது. நேரே நிற்கட்டுமே என்ற ஒருவரை ‘இரண்டு பக்கமும் நிற்கிறவன்’ என்று இரண்டு பக்கமும் ஏசின. பின்னேரம் மண்டபக் காவலாளி வந்து திறப்புக் கொத்தைக் குலுக்கினான். பிற விடயங்கள் அடுத்த கூட்டத்துக்குப் போயின.

தலைவர் அவளுடைய தொலைபேசி எண்ணைக் குறிக்க மடிக்கணினியைத் திறந்தார். திரையில் நங்கூரம் இல்லை. காசு கொடுத்து வாங்கும் வேறொன்று பளபளத்தது.

“அண்ணை, உங்கட கொம்பியூட்டரில ஏழு இல்லையோ?”

“நான் ஏழைப் பாவிக்கிறேல்லை தங்கச்சி,” என்றார் அவர், பொறுமையாக. “நான் அதுக்குத் தலைவர்.”

வெளிநடையில் ஒரு பெண் தேநீர்க் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும், இங்கேயே பிறந்து வளர்ந்தவள், பெயர் கோபிஷா. ஒன்றியத்தின் தொழில்நுட்பப் பிரிவு அவள். பிரிவில் அவள் இருந்தாள் என்று சொல்லவில்லை. பிரிவே அவள்தான். வேலைக்குப் போகும் ரயிலில் மடியில் கணினியை வைத்து, புதிய வெளியீடுகளில் வரும் திருத்தங்களைப் பழைய ஏழுக்குப் பொருந்தும்படி தைத்துக் கொடுப்பாள். அப்படித் தைப்பதற்கு மேடையில் ஒரு கதிரையும் ஒதுக்கப்படவில்லை. கோப்பை கழுவுகிற முறை மட்டும் ஒழுங்காக வந்தது.

“அக்கா, நீங்களோ அந்த ஓல்டன் மிசின்?” என்று கேட்டாள்.

“எந்த மிசின்?”

“எங்கட சேர்வருக்கு ஒவ்வொரு நாளும் விடியக்காலமை ஒரே ஒரு கொம்பியூட்டர் வந்து, ‘திருத்தம் ஏதும் இருக்கோ’ எண்டு கேக்கும். இல்லையெண்டாப் போயிடும். ஓல்டனிலையிருந்து. வேற ஒருத்தரும் வாறேல்லை. பாவம் எண்டு நான் அதுக்கு ‘குவெத்த மோர்கா’ எண்டு காலை வணக்கம் சொல்லுறனான்.”

ஜெயந்தி மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “அப்ப, இந்த முப்பத்தொரு பேரும்?”

“உங்கள் ஒராளுக்குத்தான் அக்கா. சனாதிபதிக்குக்கூட இவ்வளவு பேர் இல்லை.”

“பகிடியை விடு பிள்ளை. ஓட்டையை அடைக்க ஏலுமோ?”

“அடைச்சு மூண்டு கிழமை. திருத்தம் ரெடி. முத்திரை இல்லை.”

கோபிஷா விளக்கினாள். ஒன்றியத்தின் மின்முத்திரை விழாத திருத்தத்தை எந்தக் கணினியும் நம்பாது. முத்திரையைத் திறக்கக் கடவுச்சொல் வேண்டும். சுவிஸ் சங்கங்களில் காசோலைக்கு இரண்டு பேர் கையெழுத்திடுவது வழக்கமல்லவா? ஒன்றியத்தின் விதிமுறையான யாப்பை எழுதியவர்கள் அதையே கடவுச்சொல்லுக்கும் வைத்தார்கள். முதல் பாதி தலைவரின் தலைக்குள் இருந்தது. மறுபாதி பொருளாளரின் தலைக்குள். போன ஆண்டு விழாவுக்குப் பிறகு அந்த இரண்டு தலையும் ஒன்றையொன்று திரும்பிப் பார்க்கவில்லை.

“என்ன சண்டை?”

“விளக்குக்கு ஐஞ்சு திரி. பொருளாளரை ஐஞ்சாவதாக் கூப்பிட்டிட்டினம். நாலாவதா, சாப்பிட றோல்ஸ் சப்ளை பண்ணின கடைக்காரர்.”

ஜெயந்தி அடுத்த ஞாயிறு வின்டர்தூருக்குப் போனாள். சச்சிதானந்தனின் வரவேற்பறையில் கேடயங்களுக்கு நடுவில் ஒருவர் உட்காரும் இடமிருந்தது.

“நான் எப்பவும் ஆயத்தம்,” என்றார். “ஆனா அவர் வந்து முதல்ல ஒரு சொல்லுச் சொல்லட்டும். மன்னிப்பு வேண்டாம், நான் அப்பிடிப்பட்ட மனுசன் இல்லை. ‘பிழை என்னிலதான்’ எண்டு எழுதித் தந்தாக் காணும்.”

“அண்ணை, என்ர கடை போயிடும். பங்குனி முடியுது.”

“தங்கச்சி, கடை வரும் போகும். நாங்கள் ஏழுக்கு இன்னும் பத்து வருசத்துக்கு வாக்குக் குடுத்திருக்கிறம்.”

அதற்கடுத்த நாள் வேலையைப் போட்டுவிட்டு லோசானுக்குப் போனாள். பொருளாளர் பாலச்சந்திரன் கதவைத் திறந்தபோதே கையில் விழாவின் புகைப்படத்தை வைத்திருந்தார். அதில் அவருடைய முழங்கை மட்டும் தெரிந்தது.

“றோல்ஸ்காரனுக்குப் பிறகு நான்! அதுவும் நான் ஏத்தின திரி காத்தில அணைஞ்சு போச்சு. ஒருத்தனும் திருப்பிக் கொளுத்தேல்லை. அந்த மனுசன் சிரிச்சவர். நான் கண்டனான்.”

“அண்ணை, உங்கட பாதியை மட்டும் அந்தப் பிள்ளைக்கு...”

“என்ர பாதி! முதல் பாதி அவருக்கு, பின் பாதி எனக்கு. அதிலையும் நான் பின்னுக்குத்தான். நீங்கள் கவனிச்சனீங்களோ?”

இந்த இடத்தில்தான் ஜெயந்தி அழாமல் பேரத்தில் இறங்கினாள். துணிவிலை பேசி வளர்ந்தவளுக்கு ஒன்று விளங்கியது: இரண்டு பேருக்கும் காசு வேண்டாம், பட்டம் வேண்டும். உலகத்தில் உற்பத்திச் செலவே இல்லாத ஒரே சரக்கு அது. அள்ளிக் கொடுத்தாள். ஒரு விளக்குக்குப் பதில் இரண்டு விளக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரே திரி. ஒரே நேரத்தில் ஏற்றல். முதற் பாதியை இடுபவர் ‘தொடக்கி வைப்போர்’, பிற்பாதியை இடுபவர் ‘நிறைவேற்றி வைப்போர்’. எது உசத்தி என்று தலைவரிடம் ஒன்றும் பொருளாளரிடம் மற்றதும் சொன்னாள். இரண்டு பொன்னாடை, ஒரே நீளம், ஒரே சரிகை. பொருளாளர் முழக்கோல் கேட்டு வாங்கி அளந்தார். பங்குனியின் கடைசிச் சனிக்கிழமை ‘மாபெரும் முத்திரைப் பெருவிழா’ என்று நோட்டீஸ் அடித்தார்கள். ஃப்ரௌ எஷ்லிமனுக்குத் திங்கட்கிழமை காலை வரை பொறுமை இருந்தது.

விழா நாளில் மண்டபம் நிறைந்தது. சாப்பாடு இலவசம் என்று நோட்டீஸில் இருந்தது. இணையத்தில் நேரலையும் ஓடியது. கனடாவிலிருந்தும் பார்க்கிறார்கள் என்று அறிவிப்பாளர் நாலு தரம் சொன்னார். விளக்கு இரண்டும் ஒரே கணத்தில் எரிந்தன. ஜெயந்தி முதல் வரிசையில் இருந்தாள். மேடை நடுவில் கணினி, அதன் முன் கோபிஷா. தலைவரும் பொருளாளரும் வந்து ஆளுக்குப் பாதிக் கடவுச்சொல்லைத் தட்டெழுத வேண்டும். மூச்சு விடுகிற நேரம் போதும்.

சச்சிதானந்தன் விசைப்பலகையை நோக்கிப் போனார். பாதி வழியில் ஒலிவாங்கியைக் கண்டார்.

“உறவுகளே! நான் இடப்போகும் இந்தச் சொல்லின் பெருமையை நீங்கள் அறிய வேண்டாமா? இது வெறும் சொல்லல்ல. என் பாட்டனார், மூன்று ஊருக்கு நீதி சொன்ன வைத்திலிங்கம், அவருடைய பெயர். அதன் பின் நான் இந்த மண்ணில் கால்வைத்த ஆண்டு. அதன் பின் ஒரு நட்சத்திரக் குறி. ஏன் நட்சத்திரம்? ஏனென்றால்...”

கைதட்டலில் மிச்சம் கேட்கவில்லை. கோபிஷா எழுந்து, “நெய்! நெய்! ஹோர் ஊஃப்!” என்று, வேண்டாம், நிறுத்துங்கள் என்பதைச் சுவிஸ் ஜெர்மனில் கத்திக்கொண்டு ஓடிவந்தாள். பிள்ளை உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று நினைத்த அறிவிப்பாளர், அவளைப் பிடித்து நிறுத்திப் பொன்னாடை போர்த்தினார்.

அதற்குள் பாலச்சந்திரன் மற்ற ஒலிவாங்கியைப் பிடித்துவிட்டார். “தலைவருடைய பாதி எவ்வளவு சின்னது என்று இப்போது உலகம் அறிந்துகொண்டது. என்னுடையது அதன் இருமடங்கு. எழுத்து எழுத்தாகச் சொல்லுகிறேன். கனடாவில் இருப்பவர்களும் எண்ணிப் பாருங்கள்.” எண்ணினார்கள். மண்டபமே வாய்விட்டு எண்ணியது. கடைசி எழுத்துக்கு மேளம் அடித்தார்கள்.

பூட்டிய முத்திரைக் கோப்பு, யாப்பின் ‘வெளிப்படைத்தன்மை’ விதிப்படி ஒன்றியத்தின் இணையத்தளத்திலேயே கிடந்தது, எவரும் எடுக்கலாம். கடவுச்சொல் ஒன்றுதான் இரகசியம். இப்போது வின்டர்தூர் முதல் டொரன்டோ வரை எவனும் ஒன்றியத்தின் பெயரில் எந்தக் குப்பைக்கும் முத்திரை குத்தலாம். கோபிஷா பொன்னாடையோடு கணினி முன் உட்கார்ந்து, செய்ய வேண்டிய ஒரே காரியத்தைச் செய்தாள். முத்திரையைச் செல்லாததாக்கினாள். புதிய முத்திரைக்கு விசேட பொதுக்கூட்டம் வேண்டும்; மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும்; இலையுதிர் காலத்துக்கு முன் மண்டபம் கிடையாது.

மேடையில் தலைவரும் பொருளாளரும் கட்டித் தழுவிப் படம் எடுத்துக்கொண்டார்கள். யாருடைய பாதி கூடுதல் கைதட்டல் பெற்றது என்பதில் மட்டும் சிறிய கருத்து வேறுபாடு இருந்தது.

“முத்திரை இல்லாமல் ஏத்தேலாதோ பிள்ளை?” ஜெயந்தி மேடையேறி வந்து கேட்டாள்.

“ஏத்தலாம் அக்கா. நாளைக்கு வந்து கையால ஏத்தித் தாறன். ஓட்டை அடைபடும். ஆனா அவையள் கேக்கிறது...”

“தெரியும். வா.”

ஞாயிற்றுக்கிழமை ஓட்டை அடைபட்டது. திங்கட்கிழமை ஃப்ரௌ எஷ்லிமன் வந்தார். இந்த முறை கோப்பி வேண்டாம் என்றார். ஓட்டை இல்லை என்று ஜெயந்தி சொன்னாள்; அவர் நம்பினார். ஆனால் இல்லத்தின் கணக்காய்வாளர் ஒன்றியத்தின் இணையத்தளத்தைத் திறந்து பார்த்தாராம். முதல் வரியே ‘எங்கள் முத்திரையை நம்ப வேண்டாம்’ என்று இருந்ததாம். “லைடர்,” என்றார். வருத்தம் என்று பொருள். அதை மிகவும் அன்பாகச் சொன்னார்.

வைகாசியில் சலவைக்கூடம் மூடப்பட்டது. பிரிக்கும் இயந்திரத்தைப் பழைய இரும்புக்காரன் எடைக்கு எடுத்துக்கொண்டான். ஜெயந்தி இப்போது அதே முதியோர் இல்லத்தின் அடித்தளத்தில், வேறொருவர் துவைத்து அனுப்பும் துணியை மடித்து அடுக்குகிறாள். மணித்தியாலச் சம்பளம்.

ஆண்டு முடிவில் பொதுக்கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. விலகுகிறேன் என்று நேரில் சொல்லிவிட்டு வரலாம் என்று போனாள். கோபிஷாவைக் காணவில்லை. அனுமதியின்றி முத்திரையைச் செல்லாததாக்கிய குற்றத்துக்கு அவளை நீக்கிவிட்டார்கள். அந்தத் தீர்மானம் ஏகமனதானது. தொழில்நுட்பப் பிரிவுக்கு இப்போது ஏழு பேர் கொண்ட ஆலோசனைக் குழு இருந்தது. ஏழுக்கு ஏழு பேர், பொருத்தமாக இருக்கும் என்றார்கள்.

ஆண்டறிக்கையைச் சரிபார்த்துச் சபையில் வாசிக்க ஒரு கணக்காய்வாளர் தேவைப்பட்டார். வின்டர்தூர்க்காரர் என்றால் லோசான் ஒப்பாது. லோசான்காரர் என்றால் வின்டர்தூர் எழுந்து போகும். இரண்டு பக்கமும் தேடி ஒரே ஆளில் வந்து நின்றார்கள்.

“ஜெயந்தி தங்கச்சி எந்த அணியிலும் இல்லை,” என்றார் தலைவர்.

“ஒப்புக்கொள்ளுறன்,” என்றார் பொருளாளர். ஆண்டிலேயே அவர்கள் சண்டையில்லாமல் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

“நான் விலகத்தான் வந்தனான் அண்ணை.”

“வாசிச்சுப் போட்டு விலகுங்கோ. என்ன அவசரம்? கடையும் இல்லைத்தானே.”

தாளைக் கையில் கொடுத்தார்கள். ஒருமுறை மனத்துக்குள் வாசித்தாள். ஒரு வரியில் விரலை வைத்து நிமிர்ந்தாள்.

“இந்தக் குறைபாடு தள்ளுபடி எண்டு இருக்கு. எப்பிடித் தள்ளுபடி?”

“முறைப்பாடு சொன்ன ஆள் இப்ப ஏழைப் பாவிக்கேல்லை,” என்றார் சச்சிதானந்தன், குழந்தைக்குச் சொல்வது போல. “ஆளில்லாத முறைப்பாடு முறைப்பாடில்லை, தங்கச்சி. எங்கட வரலாற்றில முதல்முறையா நிலுவை பூச்சியம். இதுக்குப் பிறகு ஒரு பத்து வருசம் ஏழை ஒருத்தரும் அசைக்கேலாது.”

ஜெயந்தி மறுபடி கூட்டினாள். மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை. பிழை பிடிக்க அவள் எவ்வளவு விரும்பினாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். பிழை இல்லை. ஒலிவாங்கியை வாய்க்கு நேரே இழுத்து, துணி எண்ணும் குரலில் வாசித்தாள்:

“பயனாளர். ஆண்டுத் தொடக்கத்தில் ஒன்று. சேர்ந்தோர் இல்லை. நீங்கியோர் ஒன்று. ஆண்டு முடிவில் பூச்சியம்.

குறைபாடு. ஆண்டுத் தொடக்கத்தில் ஒன்று. முத்திரையிட்ட திருத்தம் இல்லை. உரியவர் இல்லாமையால் தள்ளுபடி ஒன்று. ஆண்டு முடிவில் பூச்சியம்.

நிர்வாகிகள். ஆண்டுத் தொடக்கத்தில் முப்பத்தொன்று. ஆலோசனைக் குழு ஏழு. ஆண்டு முடிவில் முப்பத்தெட்டு.

ஒன்றியம் எவருக்கும் தர வேண்டியது எதுவுமில்லை. சரிபார்த்தேன். கணக்கு நேர்.”